யார் மதிப்பிடுவது? பிக்கிள்பால் தரப்புள்ளி முறைகள் வளர்ந்த வரலாறு

அமெரிக்காவில் ஏதாவது ஓர் ஊர்ப் பூங்காவின் பிக்கிள்பால் களத்துக்குப் புதிதாக ஒருவர் போனால், பெயருக்கு அடுத்தபடியாக அவரிடம் ஓர் எண்ணைக் கேட்பார்கள். மூன்றா, மூன்றரையா, நாலா? எந்தக் களத்தில் இறங்குவது, யாரோடு ஜோடி சேர்வது, போட்டியில் எந்தப் பிரிவுக்குப் பெயர் கொடுப்பது எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தே முடிவாகும். அதை யார் தருவது என்ற கேள்விக்கு அறுபது ஆண்டுகளில் நான்கு பதில்கள் வந்துபோயிருக்கின்றன. முதலில் ஆட்டக்காரரே தமக்கு எண் போட்டுக்கொண்டார். பிறகு கிளப்பின் அனுபவசாலிகள் போட்டார்கள். அதன்பின் தேசியச் சங்கம் போட்டது. இப்போது பெரும்பாலும் ஒரு தனியார் நிறுவனம் போடுகிறது.

இந்த வரலாற்றைத் துல்லியம் கூடிக்கொண்டே வந்த கதையாகச் சொல்வதுதான் வழக்கம். துல்லியம் கூடியது மெய். ஆனால் அதே காலத்தில் எண்ணின் பொருளே மாறிவிட்டது என்பது போதிய கவனம் பெறவில்லை. தொடக்கத்தில் 3.5 என்பது ஒருவருக்கு என்னென்ன ஆடத் தெரியும் என்பதன் சுருக்கமாக இருந்தது. இன்றைய 3.512 அவர் அடுத்த ஆட்டத்தில் எப்படித் தேறுவார் என்ற முன்கணிப்பு. முன்னது விவரணை, பின்னது கணிப்பு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இந்த விளையாட்டு எப்படி வந்து சேர்ந்தது, வரும் வழியில் எதைத் தீர்த்தது, எதைத் தீர்க்காமல் விட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தரவரிசை என்பது வேறு. அது பருவம் முழுக்கச் சேர்த்த பரிசுப் புள்ளிகளை வைத்து முதலிடம், இரண்டாமிடம் என்று அடுக்குவது. அதில் இடம்பெறுவோர் சில நூறு தொழில்முறை ஆட்டக்காரர்கள் மட்டுமே. தரப்புள்ளியோ காலையில் நடைப்பயிற்சிக்குப் பதிலாக ஆடவரும் எழுபது வயதுக்காரருக்கும் உண்டு. இங்கே பேசப்படுவது அதைப் பற்றித்தான்.

எண் தேவைப்படாத காலம்

1965 கோடையில், வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிச்சர்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் ஆகிய மூவரும் சேர்ந்து உருவாக்கிய ஆட்டம் இது. வீட்டின் பின்புறம் இருந்த பழைய பேட்மின்டன் களத்தில், பிள்ளைகளும் பெரியவர்களும் ஒன்றாக ஆடுவதற்காகத் தோன்றியது. 20 அடி அகலம், 44 அடி நீளம் என்ற களத்தின் அளவு பேட்மின்டன் இரட்டையர் களத்தின் அளவேதான். வலையை ஒட்டி இருபுறமும் ஏழு அடிக்கு, பந்தைத் தரையில் படவிடாமல் அடிக்கக் கூடாத பகுதி. அதைக் ‘கிச்சன்’ என்பார்கள். வலுவான ஆள் வலையருகே வந்து அடித்து நொறுக்கிவிடாதபடி இந்த ஏழு அடி தடுக்கிறது. வயதும் உடல்வலுவும் வேறுபட்டவர்கள் சேர்ந்து ஆட வேண்டும் என்ற எண்ணம் விதிகளுக்குள்ளேயே இருந்ததால், ஆட்களைத் தரம் பிரிக்கும் தேவை அப்போது எழவில்லை.

1976இல் அதே மாநிலத்தின் டக்வில்லா நகரில், சவுத் சென்டர் அத்லெடிக் கிளப்பில் முதல் போட்டி நடந்ததாக அறியப்படுகிறது. கலந்துகொண்டவர்களில் பலர் கல்லூரி டென்னிஸ் ஆட்டக்காரர்கள். அவர்களுக்கு இந்த ஆட்டம் அநேகமாகப் புதிது. யார் எந்தத் தரம் என்பதை அவரவர் டென்னிஸ் அனுபவமே சொல்லிவிட்டது. 1984இல் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைந்தது, விதிப்புத்தகமும் வந்தது. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகள் ஆட்டம் பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களிலும் ஓய்வுபெற்றோர் குடியிருப்புகளிலும் மெல்லவே பரவியது. ஒருவரையொருவர் அறிந்தவர்கள் ஆடும் இடத்தில் எண்ணுக்கு வேலையில்லை.

அறியாதவர்கள் சந்திக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 2001இல் அரிசோனா மூத்தோர் ஒலிம்பிக்கில் பிக்கிள்பால் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, சர்ப்ரைஸ் என்ற ஊரில் நடந்த அந்தப் போட்டிக்கு 100 பேர் வந்தார்கள். 2005இல் சங்கம் புதிய அமைப்பாக மீண்டும் பதிவானது. 2009இல் அரிசோனாவின் பக்கையில் நடந்த முதல் தேசியப் போட்டிக்கு ஏறத்தாழ 400 பேர் வந்தார்கள். இவர்களை வயதால் மட்டும் பிரித்தால் போதவில்லை. அறுபத்தைந்து வயதுப் பிரிவிலேயே ஒருபுறம் முன்னாள் டென்னிஸ் பயிற்சியாளர் இருந்தார், மறுபுறம் சென்ற மாதம்தான் மட்டையைப் பிடித்தவர் இருந்தார்.

டென்னிஸ் தந்த ஏணி

ஆயத்தமாக இருந்த அளவுகோல் டென்னிஸினுடையது. அமெரிக்க டென்னிஸ் அமைப்புகள் 1970களின் இறுதியில் என்டிஆர்பி என்ற தேசியத் தர முறையை வகுத்திருந்தன. தொடக்கநிலைக்காரரில் தொடங்கி 7.0 வரை, அரை அரைப் புள்ளியாக ஏறும் ஏணி அது. ஒவ்வொரு படிக்கும் ஒரு விவரணை உண்டு. படித்துப் பார்த்து, எது தனக்குப் பொருந்துகிறதோ அதை ஆட்டக்காரர் சொல்லிக்கொள்வார்.

பிக்கிள்பால் சங்கம் இந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. 1.0இல் தொடங்கி 5.0, அதற்கு மேல் என்று அரைப்படிகள். ஆனால் விவரணைகளை இந்த ஆட்டத்துக்கென்றே புதிதாக எழுத வேண்டியிருந்தது. அந்தப் பணி இந்த விளையாட்டின் சிந்தனை வரலாற்றில் குறிப்பிடத்தக்க ஒன்று என்பது என் கருத்து. திறமை என்றால் என்ன என்று அது முதன்முறையாகச் சொல்லியாக வேண்டியிருந்தது.

அதற்குக் கிடைத்த முக்கியமான உரைகல் மூன்றாவது அடி. பிக்கிள்பாலில் சர்வ் செய்த பந்து எதிர்ப்புறம் ஒருமுறை தரையில் பட வேண்டும். திரும்பி வரும் பந்தும் இந்தப் பக்கம் ஒருமுறை பட வேண்டும். ஆகவே சர்வ் செய்த ஜோடி பின்கோட்டருகே காத்திருக்கும்போதே எதிர் ஜோடி வலையருகே வந்து நின்றுவிடும். அந்தச் சாதகத்தை முறிப்பது எப்படி? மூன்றாவது அடியை ஓங்கி அடிக்காமல், வலையைத் தாண்டியதும் கிச்சனுக்குள் தாழ்ந்து விழும்படி மெதுவாகத் தூக்கிப் போட வேண்டும். இதுதான் தேர்ட் ஷாட் டிராப். எதிராளி கீழிருந்து மேலே தூக்கித்தான் அதை எடுக்க முடியும். அந்த இடைவெளியில் சர்வ் செய்தவர்கள் முன்னே வந்துவிடலாம். 3.0 ஆட்டக்காரருக்கு இதைப் பற்றித் தெரிந்தால் போதும். 3.5இல் முயன்று பார்ப்பார், பாதி வலையில் முட்டும் அல்லது உயர்ந்து போய் அடி வாங்கும். 4.0இல் கைக்கு வந்திருக்கும். 4.5இல் எப்போது டிராப், எப்போது வேகமான டிரைவ் என்று தேர்ந்தெடுப்பார்.

இந்த ஏணியில் தம் படியைத் தேடிய ஒருவருக்கு அடுத்து எதைக் கற்க வேண்டும் என்பதும் கூடவே தெரிந்தது. பின்னால் வந்த எந்த முறையும் தராத பயன் இது.

தன் வாயால் சொன்ன எண்

சிக்கல் பதக்கத்தோடு வந்தது. 3.5 பிரிவில் தங்கம் வெல்ல எளிய வழி, 4.0 தரத்தில் இருந்துகொண்டு 3.5 என்று பதிவு செய்வது. கோல்ஃபில் நெடுங்காலமாக அறியப்பட்ட இந்தப் பழக்கத்தைச் சேண்ட்பேக்கிங் என்பார்கள். அங்கே இதைத் தடுக்கத்தான் ஹேண்டிகேப் கணக்கு மேலும் மேலும் சிக்கலானது. பிக்கிள்பாலில் ஏமாற்ற நினைத்தவர்களைவிடத் தம்மைச் சரியாக எடைபோடத் தெரியாதவர்களே தொல்லை அதிகம் தந்திருக்க வேண்டும். பழைய டென்னிஸ்காரர் தம் அடியின் வேகத்தைப் பார்த்து 4.0 என்று நினைப்பார். மென்மையாகக் கிச்சனுக்குள் தட்டும் டிங்க் ஆட்டம் பத்துப் பந்து நீண்டால் தடுமாறுவார். அடக்கமான மற்றொருவர் பல ஆண்டுகள் 3.0 என்றே எழுதிக்கொண்டிருப்பார்.

இதற்கு மாற்றாக, பல ஓய்வுபெற்றோர் குடியிருப்புக் கிளப்புகளில் தரநிர்ணயக் குழுக்கள் தோன்றின. உயர் தர ஆட்டக்காரர்கள் சிலர் களத்தோரம் உட்கார்ந்து, விண்ணப்பித்தவரின் சர்வ், ரிட்டர்ன், டிராப், டிங்க் ஒவ்வொன்றையும் தாளில் குறித்து எண் வழங்குவார்கள். பயிற்சியாளர்களுக்கான அமைப்பான ஐபிடிபிஏ இதையே முறைப்படுத்தி, அடிகளை எண்ணிப் பார்க்கும் தேர்வாக வகுத்தது.

இரண்டு காரணங்களால் இது நிலைக்கவில்லை. ஒன்று, தனித்தனி அடியில் தேறியவர் ஆட்டத்தில் தேறுவார் என்பதற்கு உறுதியில்லை. பொறுமை, இடம் அறிந்து நிற்பது, ஜோடியோடு இசைந்து நகர்வது ஆகியவை தேர்வுத்தாளில் அகப்படுவதில்லை. மற்றொன்று மனிதர் சார்ந்தது. குழுவில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். இன்று தரம் உயர்த்த மறுத்தவரை நாளைக் காலை அதே களத்தில் பார்த்தாக வேண்டும். ஒரு கிளப்பின் 4.0 அடுத்த ஊரின் 3.5 ஆக இருந்ததற்கும் அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறியதே காரணம். கண்ணால் பார்த்து மதிப்பிடுவோரின் நேர்மையைச் சந்தேகிக்காமலேயே அவர்களின் எண்ணைச் சந்தேகிக்க இடமிருந்தது.

சதுரங்கத்திலிருந்து வந்த சூத்திரம்

விடை வேறொரு விளையாட்டில் எப்போதோ கண்டறியப்பட்டிருந்தது. விஸ்வநாதன் ஆனந்த் 2006இல் 2800ஐத் தாண்டிய செய்தியைப் படித்த தமிழ் வாசகருக்கு எலோ என்ற பெயர் பழக்கமானது. ஆர்பாட் எலோ ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கியில் மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். கென்னத் ஹார்க்னஸ் வகுத்த பழைய கணக்கின் குறைகளைக் களைய அவர் அமைத்த முறையை அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960இல் ஏற்றது. உலகச் சம்மேளனமான ஃபிடே 1970இல் ஏற்றது.

எலோவின் கணக்கு ஆட்டத்தைப் பார்ப்பதே இல்லை. யார் எந்தத் திறப்பை ஆடினார், காய்களை எப்படி நகர்த்தினார் என்பது அதற்குத் தேவையில்லை. இருவரின் புள்ளி வேறுபாட்டிலிருந்து எதிர்பார்க்கப்படும் விளைவைக் கணக்கிடும். வேறுபாடு 200 என்றால் வலியவருக்குச் சராசரியாக 0.76, எளியவருக்கு 0.24. நடந்த விளைவிலிருந்து இதைக் கழித்து, வரும் மிச்சத்தை ஒரு மாறிலியால் பெருக்கிப் பழைய எண்ணோடு சேர்க்க வேண்டும். மாறிலி 20 என்று கொண்டால், 1600 புள்ளிக்காரர் 1800 புள்ளிக்காரரை வெல்லும்போது அவருக்கு 0.76ஐ இருபதால் பெருக்கிய 15.2 புள்ளி கூடும். தோற்றால் 4.8 மட்டுமே குறையும். பென்சிலும் தாளும் இருந்தால் எவரும் சரிபார்க்கலாம். எலோ தம் முறையை அட்டவணைகளோடு 1978இல் நூலாகவும் வெளியிட்டார்.

அமெரிக்கப் பிக்கிள்பால் சங்கம் 2010களின் பிற்பகுதியில் கொண்டுவந்த யூடிபிஆர் முறை எலோவைத் தழுவியதே. சங்கம் அங்கீகரித்த போட்டிகளின் முடிவுகள் கணினிக்குப் போயின. ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் ஒவ்வொன்றுக்கும் தனி எண். நான்கு இலக்கத்தில் ஒரு நுணுக்கமான எண்ணும், பிரிவில் சேர்வதற்கு இரண்டிலக்க எண்ணும் கிடைத்தன. தன் தரத்துக்கு மேலான பிரிவில் ஆடத் தடையில்லை, கீழே இறங்கி ஆடத்தான் கூடாது. ஜோடியின் பிரிவை இருவரில் உயர்ந்த தரமுடையவரின் எண் முடிவு செய்தது.

பதக்கத்துக்காகத் தரத்தைக் குறைத்துச் சொல்வதை இது வெகுவாகக் கட்டுப்படுத்தியது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட போட்டி ஆடாதவர்கள், அதாவது இந்த விளையாட்டின் மிகப் பெரும்பான்மையினர், பழையபடி தம் வாயாலேயே எண் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரே 3.5 இருவேறு பொருளில் புழங்கியது. ஒருவருடையது கணினி தந்தது, மற்றவருடையது அவரது தன்னம்பிக்கை தந்தது. எதிரெதிரே நிற்கும்வரை வேறுபாடு தெரியாது.

எல்லோருக்கும் ஒரே அளவுகோல்

இந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தவர்கள் சங்கத்துக்கு வெளியே இருந்தார்கள். டென்னிஸில் இதற்கு முன்னுதாரணம் இருந்தது. வர்ஜீனியாவில் டேவ் ஹொவெல் 2008இல் தொடங்கிய யூடிஆர், ஆண் பெண், சிறுவர் பெரியவர் எல்லோரையும் 1 முதல் 16.5 வரையான ஒரே கோட்டில் நிறுத்தியது. வெற்றி தோல்வியை மட்டும் பார்க்காமல் எத்தனை கேம் வென்றார் என்பதையும் கணக்கில் எடுத்தது. பதினாறு வயதுப் பெண்ணும் ஐம்பது வயது ஆணும் சம எண்ணில் இருந்தால் அவர்களுக்குள் நல்ல ஆட்டம் அமையும். கல்லூரி அணிகள் இதன் பயனை விரைவில் உணர்ந்தன.

மேஜர் லீக் பிக்கிள்பாலை நிறுவிய ஸ்டீவ் கூன் 2021இல் தொடங்கிய டூப்பர் இதே எண்ணத்தைப் பிக்கிள்பாலுக்குக் கொண்டுவந்தது. அளவுகோல் 2.000 முதல் 8.000 வரை. தொழில்முறைப் போட்டி, கிளப் ஆட்டம், நண்பர்கள் நால்வர் செயலியில் பதிவிட்ட மாலை நேர ஆட்டம் எல்லாம் உள்ளே வரலாம், எடை மட்டும் வேறு வேறு. யூடிபிஆர் பிரித்து வைத்திருந்த இரட்டையரும் கலப்பு இரட்டையரும் இங்கே ஒரே எண்ணாயின.

காலமும் இதற்கு ஒத்துழைத்தது. அமெரிக்க விளையாட்டுத் தொழில் சங்கத்தின் கணக்கில், 2021இல் 48 இலட்சமாக இருந்த ஆட்டக்காரர்கள் 2022இல் 89 இலட்சம், 2023இல் 1 கோடியே 36 இலட்சம், 2024இல் 1 கோடியே 98 இலட்சம் என்று பெருகினார்கள். முகம் தெரிந்த சமூகமாக இருந்த விளையாட்டு முகம் தெரியாத கூட்டமாயிற்று. குழு உட்கார்ந்து பார்த்து எண் போடும் காலம் அத்தோடு போய்விட்டது. யூடிஆர் நிறுவனமும் தன் பங்குக்கு 1 முதல் 10 வரையான பிக்கிள்பால் அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரே ஆளுக்கு மூன்று இடத்தில் மூன்று எண் இருந்த குழப்பமான ஆண்டுகள் அவை.

எண்ணுக்குப் புதிய வேலைகளும் வந்து சேர்ந்தன. டூப்பரை அடிப்படையாகக் கொண்ட மைனர் லீக் பிக்கிள்பாலில் நால்வர் கொண்ட அணியின் மொத்தப் புள்ளி ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. வரம்பு 16 என்றால் சராசரி 4.0. அங்கே 3.9 என்று பதிவாகி 4.2 ஆகத் திறமை காட்டுபவர் அணித்தலைவருக்குப் பெரும் வரவு. தரத்தைக் குறைத்துக் காட்டுவதில் இலாபம் காணும் பழைய சபலம் இங்கே கூட்டல் கணக்கின் வழியாகத் திரும்பி வந்தது. இதை ஆட்டக்காரரின் ஒழுக்கக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எண்ணின் மீது பரிசை ஏற்றி வைத்தால் எண்ணை வளைக்கும் ஆசையும் கூடவே ஏறும்.

வெற்றியா, புள்ளியா?

எலோவின் சதுரங்கத்தில் விளைவுகள் மூன்றுதான்: வெற்றி, தோல்வி, சமன். பிக்கிள்பாலில் 11-9 உண்டு, 11-1 உண்டு. இரண்டையும் ஒரே வெற்றியாக எண்ணினால் தகவல் வீணாகிறது. ஒரு ஜோடி நூறு ரேலிக்கு 55ஐ வெல்லும் அளவுக்கே மேலானது என்று வையுங்கள். ஒவ்வொரு ரேலிக்கும் புள்ளி தரும் முறையில் பதினொன்று வரை ஆடினால் அந்த ஜோடி ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஆட்டங்களை வெல்லும். மூன்றில் ஒன்றைத் தோற்கும். அந்தத் தோல்வியில் எடுத்த புள்ளிகளையும் பார்த்தால்தான் உண்மைத் தரம் விரைவில் தெரியும்.

எதிர்வாதமும் வலுவானது. மரபான முறையில் சர்வ் செய்யும் தரப்புக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். நீண்ட, கடுமையான ஆட்டம்கூட 11-3 என்று முடியலாம். அதைவிட முக்கியமாக, புள்ளி கணக்கில் வந்தால் தரத்தில் தாழ்ந்தவரோடு ஆடும் வலியவர் 11-6 என்று வென்றும் எண் குறைந்து வீடு திரும்புவார். விளையாட்டில் வென்றவனுக்குத் தண்டனையா என்ற கேள்விக்குக் கணிதம் பதில் சொல்லும், மனம் ஏற்காது.

டூப்பர் இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடியது. தொடக்கத்தில் புள்ளிகளைக் கணக்கில் சேர்த்தது. இடையில் வென்றவர் இறங்க மாட்டார், தோற்றவர் ஏற மாட்டார் என்ற ஏற்பாட்டுக்கு மாறியது. 2025 ஜூலையில் மீண்டும் எதிர்பார்ப்பும் புள்ளியும் சேர்ந்த கணக்குக்குத் திரும்பியது. 11-5 என்று தோற்பார்கள் என எதிர்பார்த்த ஜோடி 11-9 வரை வந்தால் தோல்வியிலும் அவர்களின் எண் உயரும். கணிப்பு என்ற அளவில் இதுவே சரி என்பது என் முடிவு. ஆனால் எலோவின் அட்டவணையைப் போல் இந்தச் சூத்திரம் முழுமையாக வெளியிடப்படவில்லை. தம் எண் ஏன் 0.03 குறைந்தது என்று பென்சிலும் தாளும் கொண்டு ஒருவர் சரிபார்க்க முடியாது. கோடிக்கணக்கானோர் ஆடும் விளையாட்டின் பொது அளவுகோல் தனியார் பூட்டுக்குள் இருப்பது சரியல்ல. நிறுவனம் நேர்மையாக நடந்தாலும் இந்த ஆட்சேபம் அப்படியே நிற்கும்.

தீவுகள்

ஒப்பீட்டால் பிறக்கும் எந்த எண்ணும் ஒப்பிடப்பட்ட வட்டத்துக்குள் மட்டுமே பொருள் தரும். சதுரங்கத்தில் இதற்கு மறக்க முடியாத சான்று கிளாட் பிளட்குட். வர்ஜீனியாச் சிறையில் இருந்த அவர் சக கைதிகளோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடி, 1990களின் நடுவில் அமெரிக்கத் தரப்பட்டியலின் இரண்டாம் இடத்துக்கே வந்துவிட்டார். மூடிய வட்டத்துக்குள் புள்ளிகள் அவரிடம் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தன, வெளியாரோடு மோதித் திருத்திக்கொள்ள வழியில்லை.

தமக்குள்ளேயே ஆடும் பிக்கிள்பால் கிளப்பும் இத்தகைய தீவுதான். அங்கே வேண்டுமென்று யாரும் தவறு செய்வதில்லை. தொடக்கத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ எண் விழுந்துவிட்டால், உள்ளுக்குள் எத்தனை ஆட்டம் ஆடினாலும் அந்தப் பிழை சுற்றிச் சுற்றி அங்கேயே இருக்கும். வெளியூர்ப் போட்டிக்குப் போய்வரும் நாலைந்து பேர்தான் அதைத் திருத்தும் பாலங்கள். எண்ணோடு அதன் ஐயத்தையும் சொல்ல வேண்டும் என்பதைப் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் 1995இல் தம் கிளிக்கோ முறையில் காட்டினார். நிறைய ஆடியவரின் எண் உறுதியானது, நெடுநாள் ஆடாதவரின் எண் தளர்வானது. டூப்பர் இப்போது எண்ணுக்கு அருகே விழுக்காட்டில் காட்டும் நம்பகத்தன்மை அளவும் இதே வேலையைச் செய்ய முயல்கிறது. எண்ணைக் கேட்பவர்கள் அந்த விழுக்காட்டையும் கேட்டால் நல்லது.

இந்தியாவுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சுனில் வலவல்கரின் முயற்சியால் 2008இல் மும்பையை மையமாகக் கொண்டு அகில இந்தியச் சங்கம் உருவானது. 2024இல் டெல்லியில் டூப்பரின் பெயரையும் சேர்த்துத் தாங்கிய பெரிய பன்னாட்டுப் போட்டி நடந்தது. 2025இல் இந்தியப் பிக்கிள்பால் சங்கத்தை மத்திய விளையாட்டு அமைச்சகம் தேசியச் சம்மேளனமாக அங்கீகரித்தது. சென்னையிலோ பெங்களூரிலோ மாடித்தளக் களத்தில் ஆடுபவருக்கு இப்போது கிடைக்கும் 3.8, அரிசோனாவின் 3.8ஓடு ஒக்குமா என்பதை எந்தச் செயலியும் தன்னால் சொல்லிவிடாது. இரண்டு வட்டங்களுக்கும் நடுவே போதிய ஆட்டங்கள் நடந்தால்தான் தெரியும். அங்கிருந்து கடன் வாங்கிய எண்ணை இங்கே அணித்தேர்வுக்குப் பயன்படுத்த நினைப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

ஜோடிக்குள் இருக்கும் தனியாள்

கடைசியாக, இந்த வரலாறு முழுக்கத் தீராமல் வந்த ஒரு சிக்கல். சதுரங்கத்தில் ஒருவருக்கு எதிரே ஒருவர். பிக்கிள்பாலோ பெரும்பாலும் இரட்டையர் ஆட்டம். முடிவு ஜோடிக்கு, எண் தனியாளுக்கு. நடுவில் உள்ள பள்ளத்தை எப்படித் தாண்டுவது?

எளிய வழி சராசரி. 4.6உம் 3.4உம் சேர்ந்தால் 4.0. எதிரே 4.0உம் 4.0உம். காகிதத்தில் இரண்டும் சமம். களத்தில் அப்படியில்லை. சர்வ் மட்டும்தான் குறிப்பிட்ட ஆளுக்குப் போக வேண்டும், மற்ற பந்துகளை யாருக்கு அடிப்பது என்பது எதிராளியின் விருப்பம். நான்கு ரேலிக்குள் 3.4 யார் என்று தெரிந்துவிடும். அதன்பின் பந்தெல்லாம் அவரை நோக்கியே வரும். 4.6க்காரர் மட்டையைத் தயாராகப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பார். நடுவே பாய்ந்து சில பந்துகளை அவர் எடுக்கலாம், ஆனால் அப்போது அவர் விட்டுவந்த பக்கம் திறந்துவிடும். தோற்றால் இருவர் எண்ணும் குறையும். ஜோடியின் பலம் இருவரின் சராசரியா, மெலியவரின் பலத்தை ஒட்டியதா, அல்லது எதிராளியின் தந்திரத்தைப் பொறுத்ததா? மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2005இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகக் கொண்டுவந்த ட்ரூஸ்கில் முறை அணியின் திறனை உறுப்பினர் திறன்களின் கூட்டலாகக் கொண்டது. எதிராளி ஒருவரை மட்டும் குறிவைத்து அடிக்கக்கூடிய பிக்கிள்பாலுக்கு அந்த அனுமானம் அரைகுறையாகவே பொருந்துகிறது.

எப்போதும் சேர்ந்தே ஆடும் கணவன் மனைவி இருவரில் யார் பங்கு எவ்வளவு என்று எந்தச் சூத்திரத்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஜோடிகள் மாறிக்கொண்டே இருந்தால் மட்டுமே தனியாளின் திறனை ஜோடியின் முடிவிலிருந்து பிரித்தெடுக்க முடியும். பிக்கிள்பாலின் பழைய வழக்கம் ஒன்று இதைத் தானாகவே நிறைவேற்றிக் கொடுத்தது. ஓபன் பிளே என்ற அந்த வழக்கத்தில், வந்தவர்கள் தம் மட்டையைத் தாங்கியில் வரிசையாகச் செருகி வைப்பார்கள். அடுத்த நான்கு மட்டைக்காரர்கள் அடுத்த ஆட்டம் ஆடுவார்கள். யாரோடு யார் என்பதை வரிசைதான் முடிவு செய்யும்.

எண்ணின் மீது கவலை வந்ததும் ஆட்டக்காரர்கள் முதலில் கைவிடுவது இந்த வரிசையைத்தான். மெலிந்தவரோடு ஜோடி சேர்ந்தால் எண் இறங்கும் என்று பயந்து, நாலுபேர் தனிக்குழுவாகக் களம் பிடிக்கிறார்கள். அந்த ஆட்டங்கள் செயலியில் ஏறுகின்றன. ஜோடி கலந்து, தரம் கலந்து நடக்கும் ஓபன் பிளே ஆட்டங்களே கணக்குக்கு மிக அதிகமாக உதவக்கூடியவை. அவற்றில் பெரும்பாலானவை எங்கும் பதிவாவதில்லை.